பழைய மெமரியே போதும்

"தம்பி, மொதல்ல கையக் கழுவிட்டு வாங்க. கம்பு உருண்டை கொண்டாந்திருக்கேன். நெய் விட்டுப் பிடிச்சது!"

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்னக் கம்ப்யூட்டர் கடைக்குள் நுழையும்போதே ஜெகதீஸ்வரி சத்தம் கொடுத்தாள். திருச்சுழியில் கம்ப்யூட்டர் வைத்துக் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுப்பவள். கார்பன் தாள் வைத்துக் கையால் பில் எழுதிக்கொண்டிருந்த கடைக்காரன் சண்முகவேல் பதறி எழுந்தான்.

"என்னக்கா, மிஷின் மறுபடியும் நின்னுருச்சா?"

"நிக்கிறதா? பறக்குது! ஆயுத பூஜை கழிஞ்சதுலருந்து என்னப் படுத்தாத பாடு படுத்துச்சே. மாப்பிள்ளை பேரை அடிச்சு முடிச்சா, பொண்ணு பேருக்குள்ள நின்னுரும். இப்ப ஒரே நாள்ல ஆறு பத்திரிகை முடிச்சிட்டேன். தை மாச ஆர்டர் ஒண்ணுகூடக் கைவிட்டுப் போகலை."

அவளுக்கு வாய் ஓயவில்லை. எப்படி ஓயும்? வீட்டில் உலை கொதிப்பது அந்த ஒரு பெட்டியை நம்பித்தான். அதை மடியில் வைத்துக்கொண்டு காரியாபட்டி வழியாக மதுரைவரை பஸ்ஸில் போய்ப் பார்த்தாள். அங்கே, "பிராசஸர், மெமரி எல்லாமே புதுசாப் போடணும்" என்று கையை விரித்துவிட்டார்கள். காதில் கிடந்த தோட்டைத் தடவிக்கொண்டே திரும்பி வந்தவளிடம் சண்முகவேல்தான், "பிராசஸர மட்டும் மாத்துவோம்க்கா. பழைய மெமரியே போதும்" என்றான். தோடு காதிலேயே தங்கியது.

"அந்த மெமரியும் வாங்கணும்னு நீங்க சொல்லியிருந்தா, இந்தத் தோடு இந்நேரம் அடகுக் கடையில கெடக்கும். நல்லா இருக்கணும் தம்பி நீங்க."

சண்முகவேல் தரையைப் பார்த்தான். "அதெல்லாம் பெருசாச் சொல்லாதீங்கக்கா. இந்தக் கடைக்கு மொதப் போணியே நீங்கதான."

வாசலில் ஒருவர் எட்டிப் பார்த்து, விண்ணப்பம் ஒன்று அடித்துத் தர முடியுமா என்றார்.

"நம்ம மிஷின் ஓடலைண்ணே. அடுத்த வாரம் வாங்க" என்று அவரை அனுப்பிவைத்தான்.

"அடடே, உங்க மிஷினுக்கு என்ன வந்துச்சு? கண்ணு பட்டிருக்கும். இருங்க."

ஜெகதீஸ்வரி பையிலிருந்து சந்தனத்தையும் குங்குமத்தையும் எடுத்தாள். உள்ளங்கையில் தண்ணீர் விட்டுச் சந்தனத்தைக் குழைத்தாள்.

"ஆயுத பூஜையன்னைக்கு என் மிஷினுக்கு மூடியக் கழட்டி, உள்ள இருந்த மெமரி அட்டைக்குக்கூடப் பொட்டு வச்சேன். சாமி கைவிடலையே! உங்களுதுக்கும் வச்சிட்டுப் போறேன்."

"ஐயோ, வேண்டாம்க்கா!" சண்முகவேல் மேசைக்குக் குறுக்கே பாய்ந்தான்.

அதற்குள் அவள், மூடியில்லாமல் கிடந்த அவனுடைய கம்ப்யூட்டருக்குள் குனிந்துவிட்டாள். சந்தன விரல் அப்படியே நின்றது. உள்ளே இரண்டு மெமரி அட்டைகள். இரண்டிலும் காய்ந்துபோன சந்தனம், நடுவில் குங்குமம். அவள் கையால் வைத்த பொட்டு அவளுக்குத் தெரியாதா?

நல்லதை எடுத்துக்கொண்டு எதையோ மாட்டி அனுப்பிவிட்டானே! இவனுக்கா விடிகாலையில் எழுந்து நெய் விட்டு உருண்டை பிடித்தாள்?

"தம்பி... இது என்னுதுல்ல?"

"ஆமாக்கா."

"அப்ப என் மிஷின்ல இருக்கிறது?"

சண்முகவேல் தன் கம்ப்யூட்டரின் சுவிட்சைப் போட்டான். திரையில் வெளிச்சமே வரவில்லை. பெட்டி மட்டும் 'பீப், பீப்' என்று விடாமல் கத்தியது.

"ரப்பர் வச்சுத் தேய்ச்சும் பாத்துட்டேன், எந்திரிக்க மாட்டேங்குது. ஈரச் சந்தனம் எறங்கி, ரெண்டும் கொஞ்சங்கொஞ்சமாச் செத்துப்போச்சுக்கா" என்றான் மெதுவாக. "சாமி கும்பிட்டு வச்ச பொட்டாலதான் கெட்டுச்சுன்னா உங்க மனசு தாங்காதேன்னு, என் மிஷின்ல இருந்ததக் கழட்டி உங்களுதுல போட்டுவிட்டேன்."