பாதத்தின் அகலம்

தூத்துக்குடியில் செயற்கைப் பனிச்சரிவு அமைத்த கூடத்தில் பனிச்சறுக்குப்பலகைப் போட்டியின் இறுதிச்சுற்றுக்குச் சற்று முன்னால், ஜெபசீலியின் பலகையை அளந்தார்கள். விதி கேட்கும் குறைந்தபட்ச அகலம் அதற்கு இருந்தது. பிறகு பரிசோதகர் அவளுடைய இரண்டு செயற்கைப் பாதங்களையும் அளந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ரொம்ப ஒடுக்கமா இருக்கும்மா. நேத்துலேருந்து பாதத்துக்கும் குறைஞ்சது இவ்வளவு அகலம் வேணும்னு விதி."

"பலகைக்குத்தான சார் விதி? இது என் காலு."

"கழட்டி மாட்டுறதெல்லாம் கருவிதான்னு முடிவு பண்ணிட்டாங்க."

மற்ற வீராங்கனைகளின் பாதங்கள் பலகையின் விளிம்பைத் தாண்டித் துருத்தி நிற்பதால், சாய்ந்து திரும்பும்போது பனியில் உரசும். ஜெபசீலியின் ஒடுக்கமான பாதங்கள் மட்டும் உரசாது. அதுதான் பலருக்குப் பொறுக்கவில்லை.

ஜெபசீலி மீன் வாங்கப் போகும்போது மாட்டிக்கொள்ளும் அகலமான பாதங்களை அக்கா ரோஸ்லின் பையிலிருந்து எடுத்தாள்.

"இதப் போட்டு எறங்கிருவியாட்டி?"

"காலு எதுவா இருந்தா என்னக்கா, எறங்கப்போறது நான்லா?"

முதல் வளைவிலேயே பாதம் பனியைக் கீறிப் பலகை தடுமாறியது. உடனே அவள் சாய்வைக் குறைத்து, சுற்றித் திரும்புவதற்காகத் தடத்தில் நட்டிருந்த கொடிக்கம்புகள் தோளில் அடிக்கும் அளவுக்கு ஒட்டி இறங்கினாள். பக்கத்துத் தடத்தில் முந்திக்கொண்டிருந்த நார்வேக்காரி கடைசிக் கொடியை அகலமாகச் சுற்றினாள். ஜெபசீலி ஒடுங்கித் திரும்பி, முதல் ஆளாகக் கோட்டைக் கடந்தாள்.

கூடமே அதிர்ந்தது. ரோஸ்லின் அழுதுகொண்டே ஓடிவந்தாள். ஜெபசீலி பனியில் உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் கழற்றி, கோப்பையைத் தூக்குவதுபோல் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தாள்.