பொறுக்கியெடுத்த கத்தி

"கைமூடி மாத்துக்கு யாராச்சும் வர்றீங்களா?"

லோனி கேட்டதுதான் தாமதம், தீவனக் கடை வாசல் பெஞ்சில் இருந்த அத்தனை பேருக்கும் திடீரென்று வேலை வந்துவிட்டது. மெர்ல் கையிலிருந்த தேவதாருக் குச்சியை மும்முரமாகச் சீவத் தொடங்கினான். சர்ச் ஊழியரான டீக்கன் ஹோபர்ட் அண்ணாந்து பார்த்து மழை வருமா என்று யோசித்தார்.

கைமூடி மாத்து அந்த பெஞ்சில் சனிக்கிழமைதோறும் நடப்பதுதான். ஆளுக்கொரு மடக்குக் கத்தியை உள்ளங்கைக்குள் மூடிக்கொள்ள வேண்டும். பார்க்காமலே மாற்றிக்கொள்ள வேண்டும். வந்தது வந்ததுதான். அழக் கூடாது, திருப்பிக் கேட்கக் கூடாது.

வேறு யார் கேட்டிருந்தாலும் போட்டி போட்டுக்கொண்டு வந்திருப்பார்கள். லோனியின் வீடு போன செவ்வாய்க்கிழமை எரிந்து தரைமட்டமாகியிருந்தது. அவன் கைக்குள் இருப்பது சாம்பலைக் கிளறி எடுத்த கத்தி என்று பெஞ்சுக்கே தெரியும். தீயில் வெந்து பதம் போன இரும்பு, எத்தனை சாணை பிடித்தாலும் வெண்ணெயைக்கூட வெட்டாது.

"திங்கக்கிழமை பண்ணையில கன்னுக்குட்டிங்களுக்குக் காயடிக்கிற வேலையாமே உனக்கு?" என்றான் மெர்ல், தலை நிமிராமல்.

"ஆமா. கத்தி அவங்கவங்க கொண்டுவரணுமாம்."

"சர்ச்சுல உனக்காகத் தொப்பி ஏந்திக் காசு வசூலிக்கிறோம்னு சொன்னோமேப்பா," என்றார் ஹோபர்ட். "நீதான் முறைச்சுக்கிட்டுப் போன."

"பிச்சை வேணாம் டீக்கனாரே. மாத்துக்கு வர்றீங்களா, இல்லையா? அதைச் சொல்லுங்க."

"நானா? வீடு எரிஞ்சு நிக்கிறவன்கிட்ட மாத்துறதா? மனசாட்சி இடம் கொடுக்காதுப்பா!"

சொல்லிவிட்டு, கால்சட்டைப் பையில் கிடந்த மூன்று கத்திகளும் சத்தம் போடாதபடி தொடையை இடுக்கிக்கொண்டார்.

"எனக்கு மனசாட்சி தொந்தரவெல்லாம் இல்ல. நான் வர்றேன்," என்றது பெஞ்சின் கோடியிலிருந்து ஒரு குரல்.

எஸ்கோ!

அந்தக் கென்டக்கி மலையடிவாரத்தில் எஸ்கோவிடம் கைமூடி மாற்றிய எவனும் இரண்டு அலகும் உருப்படியாக உள்ள கத்தியோடு வீடு திரும்பியதில்லை. ஒன்று ஒடிந்திருக்கும், இல்லையென்றால் திறக்கவே திறக்காது. பாதிரியாரையே விட்டுவைக்காதவன்.

ஆனால் அவனிடம் அருமையான கத்தி ஒன்று உண்டு. சிவப்பு எலும்புப் பிடி. நீள அலகு தோலுரிக்க, நுனி மழுங்கிய குட்டை அலகு காயடிக்க. ஹோபர்ட் பதினோரு வருஷமாக அதற்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அலைகிறார். துப்பாக்கி தருகிறேன் என்றார். வேட்டை நாய் தருகிறேன் என்றார். "என் பல்செட்டைக் கேளுங்க, கழட்டித் தர்றேன். இதைக் கேக்காதீங்க" என்றுவிட்டான் எஸ்கோ.

இப்போது அவன் கத்தி டப்பாவோடு திரும்பி உட்கார்ந்துகொண்டு, குனிந்து எதையோ தேடினான். தேடினான், தேடிக்கொண்டே இருந்தான்.

"என்னய்யா இவ்வளவு நேரம்?" என்றான் மெர்ல்.

"அத்தனையும் குப்பை," என்றார் ஹோபர்ட். "அதுல படுகுப்பையாப் பொறுக்கணுமே, நேரம் ஆகாதா? எஸ்கோ! மேல ஒருத்தர் பாத்துக்கிட்டிருக்காரு!"

"அவரையும் மாத்துக்கு வரச் சொல்லுங்க," என்று மூடிய கையோடு திரும்பினான் எஸ்கோ.

கைகள் மாறின. லோனி விரல்களைப் பிரித்தான்.

சிவப்பு எலும்புப் பிடி!

ஹோபர்ட்டுக்கு மூச்சு நின்றுவிட்டது. லோனி நம்ப முடியாமல் இரண்டு அலகையும் திறந்து மடக்கினான். டக். டக்.

எஸ்கோ தன் கையிலிருந்த கரிக்கட்டையைப் பார்த்து அலறினான். "ஐயையோ! டப்பாவுல தப்பா எடுத்துத் தொலைச்சிட்டேனே! ஊரையே ஏமாத்துன நான் இந்தப் பயகிட்டப் போயி ஏமாந்துட்டேனே!"

மெர்ல் சிரித்துச் சிரித்து பெஞ்சிலிருந்து சரிந்தான். லோனியின் முதுகு அந்த வாரத்தில் முதல் முறையாக நிமிர்ந்தது.

"அழக் கூடாது எஸ்கோ அண்ணே. சட்டம் சட்டம்தான்!" என்று கத்தியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஊரையே ஜெயித்தவன் மாதிரி தன் வண்டியை நோக்கி நடந்தான்.

அவன் தூரம் போனதும் எஸ்கோவின் ஒப்பாரி சட்டென்று நின்றது. திறந்து கிடந்த மார்புப் பையை இழுத்துப் பொத்தான் போட்டான்.

ஹோபர்ட்டுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கத்தி என்றைக்கும் டப்பாவில் கிடந்ததில்லை. எஸ்கோவின் மார்புப் பைதான் அதற்கு வீடு.

"எஸ்கோ... நீ வேணும்னேதான்..."

"வாயை மூடும் டீக்கனாரே. அவன் காதுல விழுந்தா திருப்பிக் கொண்டாந்து மூஞ்சியில எறிஞ்சிடுவான்."

ஹோபர்ட்டின் கண்கள் கலங்கின. தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். ஆண்டவரே, இவனைப் போயா இத்தனை நாள் எத்தன் என்று நினைத்தேன்! நாளைக்கு சர்ச்சில் எழுந்து நின்று இதைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்று முடிவே செய்துவிட்டார்.

லோனியின் வண்டி இன்னும் கிளம்பவில்லை.

ஹோபர்ட் தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தார். பைக்குள் கைவிட்டு, குட்டை அலகு ஒடிந்த கத்தி எது என்று தடவியே கண்டுபிடித்தார்.

"லோனி! தம்பி, கொஞ்சம் நில்லுப்பா!" என்று மூடிய கையை நீட்டிக்கொண்டே ஓடினார். "நம்மளும் ஒரே ஒரு மாத்து!"