குப்பையே இல்லாத கிளை

அந்தமானின் புரோத்ராபூர் குளிர்பானக் கிடங்கில் மேலாளர் வினோத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. கிளைகளின் குப்பையைக் கணக்குப் பார்க்கும் புது மென்பொருள் எந்தக் கிளைக்குப் பச்சை காட்டுகிறதோ, அந்த மேலாளருக்குக் கேட்ட ஊருக்கு மாற்றல். அவன் கேட்டிருந்தது சென்னை.

"பைட்டியே சார், உட்காருங்க. நடந்தா போன் சீக்கிரம் வந்துடுமா?" என்றாள் கணக்காளர் அகிலா.

வந்தேவிட்டது. ஸ்பீக்கரில் போட்டான். தலைமை அலுவலக நாகரத்தினம்.

"வினோத், உன் கிளையில குப்பை பூஜ்யம்யா. எப்படிச் சாதிச்சே?"

"எல்லாம் ஒழுங்குதான் சார். மாற்றல்?"

"சென்னைக் கிடங்கேதான். அகிலாகிட்ட பொறுப்பைக் கொடுத்துட்டு நாளைக் கப்பல்லயே வா. இங்கே மென்பொருள் ஒரே சிவப்பு. கூரை வரைக்கும் குப்பை. எங்கேருந்து வருதுன்னே தெரியலை. இருந்த மேலாளரை வீட்டுக்கு அனுப்பியாச்சு. நீ பூஜ்யமாக்கலைன்னா உனக்கும் அதே கதிதான்."

போன் அணைந்தது. வினோத் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தான்.

"டென்ஷன் மத் லீஜியே சார், கவலைப்படாதீங்க" என்றாள் புது மேலாளர் அகிலா. "நீங்க செஞ்ச மாதிரியே இங்கத்திய குப்பையையெல்லாம் காலிப் பெட்டிகள்ல அடைச்சு, மாசாமாசம் சென்னைக் கிடங்குக்கே கப்பல்ல அனுப்பிடறேன். எனக்கும் மதுரைக்கு மாற்றல் வேணும்ல?"