பி செக்‌ஷன்

"நாற்பது பேர்ல பன்னிரண்டு பேர்தான் பாஸ். இதுக்கு என்ன சொல்றீங்க?"

பிரின்ஸிபால் பீர் முகமதுவின் குரலில் சூடு இருந்தது. எதிரே நின்ற கண்ணம்மாள், பி.யு.சி. எனும் புகுமுக வகுப்பின் பி செக்‌ஷனுக்கு இங்கிலீஷ் எடுப்பவள்.

"பன்னிரண்டு பேர் பாஸாயிட்டாங்க சார்" என்றாள், சந்தோஷமாக.

அவருக்குச் சுருக்கென்றது.

"ஏ செக்‌ஷன்ல உடையப்பன் முப்பத்தெட்டு பேரைத் தேத்தியிருக்காரே?"

"அவர் நல்லா நடத்துவார் சார்."

"உங்க வேலையே ஆட்டம் கண்டிருக்கும்மா. ஏதாச்சும் சொல்லணுமா?"

"இந்த வருஷமும் எனக்கு பி செக்‌ஷனே குடுத்துருங்க சார். அது போதும்."

கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள்.

என்ன துணிச்சல்! பீர் முகமது இந்த ஜூனில்தான் திருச்சியிலிருந்து வந்து இந்தத் திண்டுக்கல் கல்லூரியில் பொறுப்பேற்றிருந்தார். வந்ததும் செய்ய நினைத்த முதல் இரண்டு காரியங்கள் டைப் ஆகி மேஜையில் இருந்தன. ஒன்று, உடையப்பனுக்குச் சிறந்த ஆசிரியர் விருது. இன்னொன்று, கண்ணம்மாளை வேலையிலிருந்து விடுவிக்கும் உத்தரவு.

அவளுடைய உத்தரவில் கையெழுத்துப் போட்டுவிட்டு உடையப்பனை வரச் சொன்னார்.

"வாழ்த்துகள் உடையப்பன்! இந்த வருஷ விருது உங்களுக்குத்தான்."

உடையப்பனின் முகம் மலரவில்லை. மேஜைமேல் இருந்த இன்னொரு காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு வேண்டாம் சார். அந்தம்மாவுக்குக் குடுங்க."

பீர் முகமது சிரித்துவிட்டார். "யாருக்கு? இருபத்தெட்டு பேரைக் கோட்டை விட்டவங்களுக்கா?"

"என் செக்‌ஷன்ல பாஸான முப்பத்தெட்டுல பதினேழு பேரு அந்தம்மா தேத்துன பிள்ளைக சார்."

"என்ன சொல்றீங்க?"

"வடமதுரை, ரெட்டியார்சத்திரம் பக்கத்துப் பிள்ளைக. தமிழ்லயே படிச்சு வந்து, இங்கிலீஷ்னா மிரண்டு கிடந்துச்சுக. பஸ் டிக்கெட்டு, மருந்துச் சீட்டு, கொடைரோடு ஸ்டேஷன் டயம் டேபிள்னு கையில குடுத்து வாசிக்க வெச்சாங்க. ஒருத்தன் தேறிட்டான்னு தெரிஞ்சா என் செக்‌ஷனுக்கு அனுப்பிட்டு, தேறமாட்டான்னு நான் கைகழுவுன ஒருத்தனை வாங்கிக்குவாங்க. வருஷம் பூரா இதுதான். பழைய பிரின்ஸிபாலுக்குத் தெரியும்."

பீர் முகமது, கையெழுத்துப் போட்ட உத்தரவை எடுத்து இரண்டாகக் கிழித்தார்.

"செத்த முன்னாடி இங்கதானே நின்னாங்க! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லமாட்டாங்க சார். என்னையும் சொல்ல விட்டதில்ல. 'ஏ செக்‌ஷன்ல படிச்சவன்ங்கிற பேரு அதுகளுக்கு இருக்கட்டும். ஃபெயிலாக்குற டீச்சர்ங்கிற பேரை நான் வெச்சுக்கிறேன்'னுட்டாங்க."