சாக்பீஸின் மறுபாதி

கேள்வி கேட்ட மூச்சிலேயே பதிலையும் சொல்லிவிடுவது இயற்பியல் பேராசிரியை மரகதவல்லியின் பழக்கம். “இன்னைக்கு மட்டும் கேள்வி கேட்டுட்டுக் காத்திருந்து பாருங்க மேடம்” என்று கேட்டுக்கொண்ட, கற்பித்தல் முறைகளை ஆராயும் ஆய்வாளர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். “கயித்துல கட்டிச் சுத்துற கல்லு, கயிறு அறுந்தா எந்தப் பக்கம் போகும்?” கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார் மரகதவல்லி. பதிலை எழுதிக்கொள்ள வகுப்பே பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தது. அவர் இறுக்கிப் பிடித்திருந்த சாக்பீஸ் இரண்டாக உடைந்தது. முதல் பெஞ்சு பர்வீன் தயங்கி எழுந்து வந்து, ஒரு துண்டை வாங்கி, கரும்பலகையில் வட்டம் போட்டு, அதிலிருந்து வளைந்து விலகும் கோடு ஒன்றை இழுத்தாள். கோடு தப்பு. மரகதவல்லியின் உதடுகள் பிரிந்தன. அதற்குள் “அப்படிப் போகாதுடி” என்றபடி எழுந்து வந்த செல்வராணி, அவர் முன்னால் கையை நீட்டினாள்.

“மேடம், அந்த இன்னொரு துண்டக் குடுங்க.”