வெளியே வராத கார்

இதைச் சரியாக நினைவு வைத்திருக்கிறேனா தெரியவில்லை. காரின் நிறம்கூடச் சந்தேகம். இத்தாலியில் உடலும் அமெரிக்காவில் என்ஜினும் செய்து பொருத்திய அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரை என் மாமனார் காலிதீன் ஹாஜியார் வீட்டுக் கராஜில் வைத்துப் பதினொரு வருடம் திருத்தினார். அன்று அது உறுமியது.

"எப்பிடி வெளிய எடுக்கிற?" என்றார் அவர் மனைவி றாஹிலா. "ஓடாத காருக்கு என்னத்துக்கு வாசல் எண்டு, மகள்ட கல்யாணத்துக்கு முன்னுக்குச் சுவர் கட்டினது நீங்கதானே!"

"உடைப்பம்."

"இந்த ஊட்ட மகளுக்குச் சீதனமா எழுதிக் குடுத்தாச்சி. மருமகனிட்டக் கேளுங்க."

ஹாஜியார் திரும்பினார். "கல்முனை றோட்டுல ஒருக்கா ஓடிப் பாக்கணும், மருமகன்."

"புதுச் சுவர், மாமா," என்றேன்.

அவர் என்ஜினை நிறுத்தினார்.

வீட்டை எங்களுக்கு விட்டுவிட்டு மாமாவும் மாமியும் இப்போது பாலமுனையில் வாடகைக்கு இருக்கிறார்கள். நானும் மனைவி அம்ஹாவும் வேலைக்காகக் கட்டாரில். வீட்டில் கார் மட்டும் இருக்கிறது.