நவம்பர் பதினாலுச் சட்டை

ஏசம்மாளுக்கு மகன் பிறந்த தேதி தெரியாது. ராஜபாளையத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது ஹெட்மாஸ்டர், தேதி தெரியாத எல்லாப் பிள்ளைகளுக்கும் போடுவதுபோல, நேரு மாமா பிறந்த நவம்பர் பதினாலையே போட்டுவிட்டார்.

அடுத்த வருடமே பையன் காய்ச்சலில் இறந்துவிட்டான். ஆனாலும் ஏசம்மாள் வருடாவருடம் அவன் கடைசியாகப் போட்ட அதே அளவில் ஒரு சட்டை தைத்து, நவம்பர் பதினாலு காலையில் கொடியில் போட்டுவிட்டு மில்லுக்குப் போவாள். சாயங்காலம் வந்து பார்த்தால் காலரில் அழுக்கிருக்கும். சட்டைப் பையில், குழந்தைகள் தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுக்கிற மிட்டாயின் தாள் இருக்கும்.

1988இல் சட்டை இரண்டு தோளிலும் கிழிந்திருந்தது.

"ஏட்டி, இதோட விட்டுரு" என்றான் கணவன் ஞானராஜ்.

ஏசம்மாள் கிழிசலை அளந்து பார்த்தாள்.

"பிள்ள வளரும்லா? எனக்குத்தான் புத்தியில்ல. அடுத்த வருசம் ரெண்டு இஞ்சு கூட்டித் தைக்கணும்."